இடம் மாறிய சக்கரங்கள்

“ரெண்டு மணிக்கு அவரு கையெழுத்துப் போட்டுருவாரு மிஸ். அதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை அந்தக் காரைப் பாக்கணும்.”

மூச்சிரைக்கப் படியேறி வந்த பிரியந்தி உட்காரக்கூட இல்லை. நுவரெலியா நகரில் மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சிறிய அலுவலகத்தின் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மடக்க மறந்த குடை அவள் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

மதுரா எழுதுவதை நிறுத்தினார். விபத்துக்குள்ளான வாகனங்களைப் பரிசோதித்து, என்ன நடந்திருக்கும் என்று காப்புறுதிக் கம்பனிகளுக்கு அறிக்கை கொடுப்பது அவருடைய தொழில். யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்கு வந்து பத்து வருடமாகியும் அவருடைய பேச்சு மாறவில்லை. அவசரப்படும் பழக்கமும் வரவில்லை.

“முதல்ல இருங்கோ. ஆர் கையெழுத்து வைக்கப் போறார்? ஆறுதலாச் சொல்லுங்கோ.”

பிரியந்தியின் கணவன் திலக்ஷன் கந்தப்பளையில் டயர் கடை வைத்திருந்தான். திங்கட்கிழமை மாலை, மரக்கறி மொத்த வியாபாரி முத்துலிங்கம் தமது ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடானைப் புது டயர் போடக் கொண்டுவந்தார். அந்தக் காருக்கு முன்னால் ஒடுக்கமான சக்கரங்கள், பின்னால் அகலமானவை.

“இவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு மிஸ். ‘முதலாளி, நம்ம ரோட்டுக்கும் மழைக்கும் நாலு வீலும் ஒரே சைஸ்ல போட்டுக்குங்க. முன்னுக்கும் பின்னுக்கும் மாத்தி மாத்திப் போட்டா நாலும் ஒண்ணா தேயும். இதுல அது முடியாது. யாராவது தெரியாம அகல வீல முன்னுக்குப் போட்டுட்டா, மழையில பின்பக்கம் வழுக்கிக் கார் சுத்திடும்’னாரு. முதலாளி கேக்கல. பின்னால அகலமா இருந்தாத்தான் காருக்கு லட்சணம்னுட்டாரு. கூட வந்த அவரோட அண்ணன் மகன் கிஷாந்தும் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு. இவரும் சரின்னு பழைய மாதிரியே போட்டுக் குடுத்துட்டாரு.”

மறுநாள் காலை கிஷாந்த் காரை ஓட்டினான். முத்துலிங்கத்தின் மகள் தனுஜா பக்கத்து இருக்கையில் இருந்தாள். உடப்புசல்லாவைப் பாதையில், மழையில், ஒரு வளைவில் கார் சுழன்றது. பின்பக்கம் தேயிலை மலை ஓரத்து வடிகாலுக்குள் இறங்க, தனுஜாவின் கை முறிந்தது. அன்று முழுவதும் முத்துலிங்கம் மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். புதன்கிழமை காலை கிஷாந்த் அவரைக் கார் நின்ற கொட்டகைக்கு அழைத்துப்போய்க் காட்டினான். அகலச் சக்கரங்கள் இரண்டும் முன்னால் இருந்தன. பகலுக்குள் பொலிஸில் முறைப்பாடு. மாலைக்குள் முகநூலில் படம். இன்று வியாழன். கடைக்குப் பூட்டு.

“உங்கட அவர் என்ன சொல்லுறார்?”

“அதுதான் மிஸ் எனக்குப் பயமா இருக்கு. ‘நான்தான் மாத்திப் போட்டுட்டேன் போல’ங்கிறாரு. அன்னைக்கிக் கடைசி நேரத்துல கரண்ட் போயிருச்சு. போன் வெளிச்சத்துலதான் வேலைய முடிச்சாரு. சரியா ஞாபகம் இல்லையாம். ‘அந்தப் புள்ளையோட கைய நான் ஒடச்சிட்டேன்’னு அதே பேச்சு. ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கப் போறேன்னு போயிட்டாரு. ரெண்டு மணிக்குத்தான் சார்ஜன்ட் இருப்பாராம். போனையும் வீட்டுலயே வச்சிட்டாரு.”

“நீங்கள் அதை நம்பேல்லையோ?”

“ஒரு போல்ட்ட மூணு தடவை தொட்டுப் பாக்குற மனுஷன் மிஸ் அவரு.”

மதுரா முத்துலிங்கத்தோடு தொலைபேசியில் பேசி அனுமதி வாங்கினார். பிறகு மழைக்கோட்டை எடுத்துக்கொண்டார்.

கீழே அழகன் ஆட்டோவோடு காத்திருந்தான். ஐந்து வருடமாக மதுராவை விபத்து இடங்களுக்கு ஏற்றிச் செல்பவன். மர்மம் என்றால் மதுராவைவிட அவனுக்குத்தான் ஆசை அதிகம். பிரியந்தியும் ஏறிக்கொள்ள, கந்தப்பளை போய்ச் சேருவதற்குள் மூன்று பேரைச் சந்தேகித்துவிட்டான். அதில் இரண்டு பேரை அவன் பார்த்ததே கிடையாது.

மரக்கறிக் களஞ்சியத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை லொறி டிரைவர் செல்லசாமி திறந்துவிட்டார். காரை விபத்து இடத்திலிருந்து இழுத்து வந்ததும் அவர்தான்.

“செவ்வாக்கெழம பகல் போனேங்க. பின் டயர் ரெண்டும் வடிகால் கானுக்குள்ள அச்சு வரைக்கும் பொதைஞ்சு கெடந்துச்சு. முன்னது ரெண்டும் தார் ரோட்டு மேல. தம்பி வெளிய எடுக்கப் பாத்து வேகம் குடுத்திருக்காரு, சேத்த வாரி அடிச்சிருச்சு. கயிறு கட்டி இழுத்து இங்க கொண்டாந்து விட்டேன். கொட்டுற மழையில வீல் சைஸ் எல்லாம் யாருங்க பாத்தா?”

“கொட்டகைப் பூட்டின்ரை திறப்பு ஆரிட்டை இருக்கு?”

“முதலாளிகிட்ட ஒண்ணு. கிஷாந்த் தம்பிகிட்ட ஒண்ணு.”

அழகன் காரைச் சுற்றி ஓடி வந்தான். அவன் முகம் வாடியிருந்தது. “மிஸ், அகலமானது ரெண்டும் முன்னாலதான் இருக்கு. திலக்ஷன் அண்ணன் தப்புப் பண்ணிட்டாரு போல.”

மதுரா முழங்காலிட்டார். முன்னால் இருந்த அகலச் சக்கரங்களின் உட்புறம் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. ஒரு தேயிலைக் கொழுந்துகூட அதில் ஒட்டியிருந்தது. பின்னால் இருந்த ஒடுக்கமானவற்றில் சாதாரண வீதி அழுக்குத்தான். ஆனால் அவற்றுக்கு மேலே, மட்கார்டின் உட்குழிவு முழுவதும் சேறு. அவர் முன்பக்க மட்கார்டுக்குள் டோர்ச் அடித்தார். உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையில் காய்ந்த அழுக்கு கீறலின்றி ஒரே சீராகப் படிந்திருந்தது. பிறகு டிக்கியைத் திறந்தார். மாற்றுச் சக்கரமும் இல்லை, ஜாக்கும் இல்லை. கடைசியாக மண் தரையைப் பார்த்தார். காரின் இரு பக்கத்திலும் இரண்டிரண்டு பள்ளங்கள். ஒன்று வட்டம், ஒன்று சதுரம்.

இதற்குள் அழகன் வெளியே போய்ச் செல்லசாமியோடு கதைத்துவிட்டு வந்தான். “பாவம் மிஸ் அந்த அண்ணன். இன்னைக்கித் தம்புள்ளைக்கு லோட் போகணுமாம். லொறியில ஜாக்கு இல்லாம போகப் பயப்படுறாரு. செவ்வாக்கெழம சாயங்காலம் கிஷாந்த் தம்பி தன்னோட வேன் பஞ்சர்னு வாங்கிட்டுப் போனதாம். இன்னும் திருப்பித் தரலயாம்.”

மதுரா முதல்முறையாகச் சிரித்தார். “அழகன், இண்டைக்கு நீங்கள் சொன்னதிலை இதுதான் பெரிய விசயம்.”

“எது மிஸ், தம்புள்ளையா?”

மதுரா சொல்லி அனுப்பியபடி ஒரு மணிக்கு எல்லோரும் கொட்டகையில் கூடினார்கள். முத்துலிங்கம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தனுஜா மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒரு மரக்கறிக் கூடையைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்திருந்தாள். கிஷாந்த் கதவருகில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஐயா,” என்றார் மதுரா, “வடிகாலுக்குள்ளை இறங்கினது காரின்ரை எந்தப் பக்கம்?”

“பின்பக்கம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“அப்ப ஏன் சேறு முன் சக்கரத்திலை இருக்கு?”

முத்துலிங்கம் குனிந்து பார்த்தார். காரின் பின்னால் போனார். திரும்பவும் முன்னால் வந்தார்.

“திங்கட்கிழமை கடையிலையிருந்து வீட்டுக்குக் காரை ஓட்டினது ஆர்?”

“நான்தான்.”

“அப்ப நீங்களே ஏறி, ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பிப் பாருங்கோ.”

எஞ்சின் உறுமியது. சக்கரம் திரும்பத் திரும்ப, தகரத்தை ஆணியால் கீறுவதுபோல ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். அழகன் காதைப் பொத்திக்கொண்டான். மதுரா மட்கார்டுக்குள் டோர்ச் அடித்துக் காட்டினார். அழுக்குக்கு நடுவே புதிதாக ஒரு பளபளப்பான கோடு.

“அகலச் சக்கரம் முன்னாலை போனா உள்ளே முட்டும். திங்கள் பின்னேரம் உங்கட வீட்டுக்குப் போற வளைவுகளிலை இந்தச் சத்தம் கேட்டதோ?”

“இல்ல,” என்றார் முத்துலிங்கம் மெதுவாக. “ஒரு சத்தமும் இல்ல. வெண்ணெய் மாதிரி வந்துச்சு.”

“கேட்டிருக்க ஏலாது. இப்ப விழுந்த கோட்டைத் தவிர இதிலை வேறை கோடு இல்லை. திலக்ஷன் சரியாத்தான் பூட்டினவர். வடிகாலுக்குள்ளை புதைஞ்சதும் இதே அகலச் சக்கரங்கள்தான், பின்னாலை இருந்தபடி. சக்கரம் இடம் மாறினது விபத்துக்குப் பிறகு, இந்தக் கொட்டகையிலை.”

பிரியந்தி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“இந்தக் காருக்கு மாற்றுச் சக்கரம் இல்லை. முன்னதையும் பின்னதையும் மாத்த வேணுமெண்டா ஒரு பக்கத்தின்ரை ரெண்டு முனையையும் ஒரே நேரத்திலை தூக்க வேணும். ரெண்டு ஜாக்கு வேணும். தரையிலை ரெண்டு விதமான தடம் இருக்கு. சதுரம் வேனின்ரை ஜாக்கு. அடி வட்டமா இருக்கிறது லொறியின்ரை ஜாக்கு. செவ்வாய்க்கிழமை பின்னேரம் செல்லசாமி அண்ணையிட்டை அதை வாங்கினது ஆர், கிஷாந்த்?”

“என் வேன் பஞ்சர்!” என்றான் கிஷாந்த்.

“வேன் பஞ்சருக்கு வேன் ஜாக்கு போதும். சக்கரத்தை மாத்திப் பூட்டினா என்ன ஆகுமெண்டு திலக்ஷன் உங்களுக்கு முன்னாலைதான் சொன்னவர். அதை அப்பிடியே எடுத்துக்கொண்டியள்.”

“சும்மா ஊகம். காருதான் சுத்துச்சு, நான் மெதுவாத்தான் போனேன்.”

“நீங்க மெதுவாப் போகலண்ணா.”

தனுஜாவின் குரல். எல்லோரும் திரும்பினார்கள்.

“அந்த வளைவுக்கு முன்னால, கார் வழுக்காம பிடிக்கிற பட்டனை ஆஃப் பண்ணினீங்க. ‘பாரு, பின்பக்கம் எப்படி ஆடுதுன்னு’ சொன்னீங்க. ரெண்டு தடவை ஆடுச்சு. மூணாவது தடவை சுத்திடுச்சு.” அவள் தகப்பனைப் பார்த்தாள். “நேத்து நான் ஆஸ்பத்திரியில கண் முழிச்சப்போ எல்லாரும் டயர் கடைக்காரரத்தான் திட்டிக்கிட்டிருந்தீங்க அப்பா. வீல்தான் மாறியிருந்துச்சு, அதனாலதான்னு நானும் நெனச்சேன். என்கிட்ட யாரும் எதையும் கேக்கல.”

கிஷாந்தின் கையிலிருந்த போன் தாழ்ந்தது. “வீட்ட விட்டுத் துரத்திருவீங்கன்னு பயந்துட்டேன் சித்தப்பா,” என்றான்.

முத்துலிங்கம் அவனை அடிக்கப் போகிறார் என்றே செல்லசாமி நினைத்தார். அவர் அடிக்கவில்லை. மகளிடம் போய், முறியாத கையைப் பிடித்துக்கொண்டு மதுராவைப் பார்த்தார்.

“அப்ப அந்த அகல வீல் மேல குத்தம் இல்லையா, மிஸ்?”

“இல்லை. சரியான இடத்திலை இருந்தா அதுவும் நல்லாத்தான் பிடிக்கும். காய்ஞ்ச ரோட்டிலை வேகமாப் போறவைக்கு அது திறம். ஆனா மழையும் வளைவுமாக் கிடக்கிற இந்த ரோட்டிலை, நாலையும் மாத்தி மாத்திப் போட்டு ஒரே அளவா வைச்சிருக்கிறதுதான் நல்லது. திலக்ஷன் சொன்னது சரி.” மதுரா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மிச்சத்தைப் போற வழியிலை கதைப்பம். இன்னும் அரை மணித்தியாலம்தான் இருக்கு.”

அழகன் அதுவரை ஆட்டோவை அப்படி ஓட்டியதில்லை. பின்னால் வேனில் முத்துலிங்கம்; செல்லசாமி ஓட்ட, கிஷாந்த் தலைகுனிந்து பக்கத்தில் இருந்தான்.

பொலிஸ் நிலையத்தில் மேசைமீது தாள் தயாராக இருந்தது. திலக்ஷன் பேனாவைத் திறந்து வைத்திருந்தான். பிரியந்தி ஓடிப்போய் அந்தத் தாளின்மேல் கையை வைத்தாள்.

“எப்பா மாத்தயா, வேணாம்!” என்று சார்ஜன்ட்டிடம் சிங்களத்திலும் தமிழிலும் சொன்னாள். பிறகு கணவனைப் பார்த்தாள். “நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க. கிஷாந்த்தான் அப்புறமா மாத்தியிருக்காரு. ஒத்துக்கிட்டாரு.”

திலக்ஷன் அவளைப் பார்த்தான். வாசலில் நின்ற முத்துலிங்கத்தைப் பார்த்தான்.

“அப்ப அந்தப் புள்ளையோட கை?”

“ஒன்னால இல்ல தம்பி,” என்றார் முத்துலிங்கம். “நான்தான் ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

திலக்ஷன் பேனாவை மூடப் பார்த்தான். மூடி சரியாகப் பொருந்தவில்லை. அதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். தோள்கள் குலுங்கின. உள்ளே சார்ஜன்ட் புதிய தாள் ஒன்றை எடுத்துக் கிஷாந்துக்கு நாற்காலியைக் காட்டினார்.

சற்று நேரம் கழித்துத் திலக்ஷன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“பசிக்குது,” என்றான்.

எதிர்க்கடையில் சூடாகத் தேங்காய் ரொட்டி இருந்தது. முதல் இரண்டையும் அவன் சம்பல்கூடத் தொடாமல் தின்றான். மூன்றாவதைச் சம்பலோடு. நான்காவதைப் பிய்க்கும்போதுதான் மதுராவும் அழகனும் பிரியந்தியும் தேநீரை மறந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான்.

“என்ன?” என்றான் வாய் நிறைய.

பிரியந்தி தன் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.