கத்தாத இடம்

பொடியன் சொல்வதை அக்கா அவ்வளவு லேசில் நம்பமாட்டாள். பள்ளியில் ஓட்டத் தேர்வு வந்தால் போதும், அவனுக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். தேர்வு முடிந்த மறு நிமிடமே பசிக்கும்.

நாளைக்கு ஓட்டத் தேர்வு. இன்றைக்குப் பள்ளிக்கூடப் படியில் கால் மடங்கி விழுந்துவிட்டானாம். விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

“நடிக்கிறான்மா,” என்றாள் அக்கா, மருத்துவமனைக் கட்டில் ஓரமாக நின்று. அவளுக்குப் பதினொரு வயது, அவனுக்கு ஒன்பது.

பாதம் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. ஆனால் அவன் பாதம் எப்போதுமே பன் மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒரு சின்ன இயந்திரத்தைக் கட்டிலருகே உருட்டிக்கொண்டு வந்தார். அம்மா அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இது வயித்துல இருக்கிற பாப்பாவைப் பாக்கற ஸ்கேன் தானே டாக்டர்?”

“அதேதான். எலும்பையும் பாக்கலாம். கால்ல பாப்பா இருந்தா அதையும் சொல்லிடறேன்.”

பொடியன் சிரிக்கவில்லை. குளிர்ந்த பசையைக் கணுக்காலில் தடவியதுமே அலறினான்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லப்பா,” என்றார் டாக்டர்.

கைக்கருவி தோலின் மேல் ஊர்ந்தது. திரையில் எலும்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. உடைந்திருந்தால் கோடு நடுவில் விட்டுப்போயிருக்கும் என்றார் டாக்டர். கருவியை உள்பக்கம் வைத்தாலும் அலறல், வெளிப்பக்கம் வைத்தாலும் அலறல், முழங்கால் கிட்டேயும் அதே அலறல். கோடு எங்கேயும் விடவில்லை.

“எல்லா இடமும் வலிக்குதுன்னா நான் எங்கப்பா தேடறது?”

“பாத்தியாம்மா,” என்றாள் அக்கா.

அம்மா பெருமூச்சு விட்டாள். “அப்ப நாளைக்கு ஓடலாமா டாக்டர்?”

டாக்டர் யோசித்துக்கொண்டே காகிதத்தால் பசையைத் துடைத்தார். காகிதம் சுண்டுவிரல் பக்கத்துப் பாத ஓரத்தைத் தொட்டபோது பொடியன் மூச்சுகூட விடவில்லை. அவன் கட்டைவிரல் மட்டும் உள்ளங்கைக்குள் ஒளிந்தது.

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஊசி போடும்போதெல்லாம் அவன் அப்படித்தான். சத்தமே வராது, விரலைத்தான் ஒளித்துவைப்பான்.

“டாக்டர், அந்த ஓரத்துல ஒரு தடவை பாருங்களேன்.”

“அங்க அவன் கத்தவே இல்லையேம்மா.”

“அதான் சந்தேகமா இருக்கு.”

டாக்டர் மறுபடி பசை தடவிக் கருவியை அங்கே வைத்தார். வெள்ளைக் கோடு நடுவில் படிபோல இறங்கியிருந்தது. உடனே அடுத்த காலிலும் அதே இடத்தைப் பார்த்தார். அங்கே கோடு வழுவழுவென்று இருந்தது.

“எலும்பு வளர்ற இடத்துலயும் இப்படி இடைவெளி தெரியும். அதான் ரெண்டு காலையும் பாத்தேன். இது விரிசல் மாதிரிதான் இருக்கு. எக்ஸ்ரே எடுத்து உறுதி பண்ணிக்கலாம். நாளைக்கு ஓடக் கூடாது.”

அம்மா அவன் தலையைக் கோதினாள். அக்கா மட்டும் விடவில்லை.

“ஏன்டா எல்லா இடத்துலயும் கத்தினே?”

“மெதுவா சொன்னா நீ நம்பமாட்டே,” என்றான் பொடியன்.



ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியுடன் வந்தார். “எக்ஸ்ரே அறை பக்கத்துலதான் தம்பி. நாற்காலி வேணுமா, நடந்துடுவியா?”

“நடப்பேன். இப்ப வலியே இல்ல,” என்று பொடியன் காலைக் கீழே போட்டான்.

அக்கா அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

“இவன் பேச்சைக் கேக்காதீங்கண்ணே,” என்று சொல்லி, நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.