கல்யாணத்துக்கு முந்தைய பெயர்

அந்தப் பெண் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்ததும் கம்ப்யூட்டர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஹஃபீசாவின் மேஜைக்கு வந்து, "நான் செய்யலைன்னு நீங்கதான் நிரூபிக்கணும்க்கா" என்றாள்.

ஓரத்து நாற்காலியில் ஓசிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த யேசுதாசன் பேப்பரை மடித்து வைத்தார். டெலிபோன் இலாகாவில் முப்பத்து மூன்று வருஷம் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்குப் பொழுது போவது மேற்குத் தாம்பரத்தின் இந்தக் கடையில்தான். கடையில் இருப்பது என்னவோ எட்டே கம்ப்யூட்டர். ஆனால் பத்து வருஷமாக மனிதர்களின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் செய்வதையெல்லாம் பேசாமல் பார்த்துவந்தவள் ஹஃபீசா. மொட்டை மெயில், போலி வேலை ஆர்டர், பொய்க் கல்யாண விளம்பரம் என்று எத்தனையோ சிக்கல்களை அவிழ்த்திருக்கிறாள். அதில் பாதி தன்னால்தான் அவிழ்ந்தது என்று யேசுதாசன் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். அவள் மறுத்ததில்லை.

"உட்காரும்மா. முதல்ல பேரைச் சொல்லு."

அவள் பெயர் அபிகாயில். பள்ளிக்கூட டீச்சர். புகுந்த வீடு ஊரப்பாக்கம். நாலு நாளாகக் காட்டாங்குளத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். கணவன் ஆஸ்டின் வெளியே போகச் சொல்லிவிட்டான். "திருடியோட குடும்பம் நடத்த முடியாதுன்னுட்டார்க்கா. வக்கீலையும் பார்த்துட்டாராம்" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

ஆஸ்டின் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவன். புதுக் கைப்பேசியோ கேமராவோ எது வந்தாலும் முதல் வாரமே அவன் கையில் இருக்கும். அதை அக்குவேறு ஆணிவேறாக அலசி வலைப்பதிவில் எழுதுவான். ஆறு வருஷப் பதிவு, தினம் ஆயிரம் வாசகர்கள். மெயில், வலைப்பதிவு, போட்டோ, வீடியோ எல்லாம் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. போன ஞாயிற்றுக்கிழமை யாரோ அதற்குள் புகுந்து எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டார்கள்.

அவன் அவள் முகத்தில் விட்டெறிந்த காகிதத்தை அபிகாயில் மேஜைமேல் வைத்தாள். அவனுடைய ஆபீஸ் மெயிலுக்கு வந்த தகவல் அது. பத்தே முக்காலுக்கு ரகசியக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருக்கிறது. பதினொரு மணிக்கு ஒரே ஒரு வீடியோ நீக்கப்பட்டிருக்கிறது. பதினொன்றரைக்குக் கணக்கு முழுவதுமாக மூடப்பட்டிருக்கிறது.

"ரகசியக் கேள்வி என்ன?" என்றாள் ஹஃபீசா.

"அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தைய பெயர்."

"அட, இதுவா பூட்டு!" என்று யேசுதாசன் குறுக்கே புகுந்தார். "மாமியார் பேரு உனக்குத் தெரியும். அக்கம்பக்கம் அத்தினி பேருக்கும் தெரியும். இதுல இன்னா ரகசியம் கீது?"

"அத்தை பேரு புஷ்பம். மார்ச்சுல தவறிட்டாங்க. ஆனா அது பதில் இல்லை சார். போன வருஷம் இவரோட சிநேகிதர் தயாளன் பந்தயம் கட்டி அந்தப் பேரைப் போட்டுப் பார்த்தார். தப்புன்னு வந்துச்சு. உடனே இவரோட ஆபீஸ் மெயிலுக்கு எச்சரிக்கையும் வந்துச்சு. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"இந்தத் தடவை தப்பான பதில்னு எச்சரிக்கை வந்துச்சா?"

"வரலைக்கா. முதல் தடவையே சரியான பதில். என்ன பதில்னு எனக்குத் தெரியாது. பீரோவைக் குடைஞ்சு கண்டுபிடிச்சுட்டேன்னு இவர் சொல்றார்."

"உன்மேல ஏன் சந்தேகம்?"

அபிகாயில் தலையைக் குனிந்துகொண்டாள். "நீக்கின வீடியோ, அத்தை ஆஸ்பத்திரியில இருந்தப்ப இவர் எடுத்தது. நெட்டுலேர்ந்து நீக்கிடுங்கன்னு நாலு தடவை சண்டை போட்டேன். பதினோராயிரம் பேர் பார்த்திருக்காங்க, முடியாதுன்னார். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைவலி, கோயிலுக்குப் போகலை. இவர் சிட்டியில பதிவர் கூட்டத்துக்குப் போயிட்டார். மாமா ஆராதனை முடிஞ்சு, எப்பவும்போலக் கல்லறைக்குப் பூ வைக்கப் போனார். இந்த சீசனோட முதல் மழை அன்னைக்குத்தானே? தொப்பலா நனைஞ்சு ஒரு மணிக்குத்தான் வந்தார். அதுவரைக்கும் வீட்டுல கம்ப்யூட்டரோட நான் மட்டும்தான் இருந்தேன்."

அந்த மழை யேசுதாசனுக்கும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை, வெயில்தான் பிளந்துகொண்டிருந்தது. அவள் போனதும் அவர் எழுந்து நின்றார். "ஹஃபீசாம்மா, தயாளன்தான். ஒருதபா புகுந்து பாத்தவன் மறுதபா புகாம இருப்பானா?"

"தயாளனுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமே அண்ணா" என்று மட்டும் சொன்னாள் ஹஃபீசா. அது எப்படி அவனுக்குச் சாதகமாகும் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காததை அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை.

சனிக்கிழமை காலை அபிகாயிலையும் அழைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஊரப்பாக்கம் போனார்கள். ஆஸ்டின் சம்மதித்ததே, மனைவியின் குட்டு நாலு பேர் முன்னால் உடையட்டும் என்றுதான். யேசுதாசனின் பிடிவாதத்தில் தயாளனையும் வரவழைத்திருந்தார்கள். ஹாலில் கைப்பேசிகளின் காலி அட்டைப்பெட்டிகள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன. ஒரு மூலையில் ஆஸ்டினின் அப்பா தேவானந்தம், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், விருந்தாளி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மருமகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாம்மா. உங்கம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?"

அபிகாயில் ஆஸ்டினைப் பார்த்தாள். அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுவரில் ஒரு வெறும் ஆணி இருந்தது. "அம்மா போட்டோ மாட்டலையா சார்?" என்று கேட்டாள் ஹஃபீசா.

"பிரேம், மாலையெல்லாம் அடைசல் மேடம். ஆல்பம் மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணி நெட்டுல ஏத்திட்டேன். பேப்பரையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு. ஹார்ட் டிஸ்க்கே இனிமே தேவையில்லைன்னு ஒரு பதிவுகூடப் போட்டேன், நல்லா ஓடுச்சு."

"அப்ப அம்மாவோட படம் இப்ப எங்கயுமே இல்லை?"

"அதான் சொல்றேனே, எல்லாம் அந்தக் கணக்குல இருந்துச்சு!" அவன் அபிகாயிலை முறைத்தான்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சங்கடத்தில் யேசுதாசன், பழக்கதோஷமாக டீப்பாய்மேல் இருந்த வேதாகமத்தை எடுத்துப் புரட்டினார். சங்கீதப் பக்கத்திலிருந்து ஒரு காகிதம் நழுவி விழுந்தது. சிவப்புப் புடவை கட்டிய இளம்பெண் ஒருத்தியின் படம், சாதாரணத் தாளில் கலர் பிரிண்ட். ஈரம் பட்டுப் புடவையின் சிவப்பு கன்னம்வரை ஊறியிருந்தது. தேவானந்தம் சட்டென்று எழுந்து அதை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்து மூடினார். யேசுதாசன் அசட்டுச் சிரிப்போடு மன்னிப்புக் கேட்டார். ஹஃபீசா மேஜை ஓரத்திலிருந்த பிரிண்டரைப் பார்த்து, "இது கலர் அடிக்குமா சார்?" என்றாள்.

"லேசர். கறுப்பு வெள்ளை மட்டும்தான். ஏன்?"

"சும்மாதான். ஆளுக்கு ஒரு துண்டுப் பேப்பர் தர்றேன். உங்க அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தைய பெயரை எல்லாரும் எழுதணும். ஏன்னும் சொல்லிடறேன். ஞாயிற்றுக்கிழமை இவர் கணக்கை அழிச்சது இந்தப் பொண்ணுதான்னு சொல்லி இவளை வீட்டைவிட்டு அனுப்பியிருக்கார். விவாகரத்துவரைக்கும் போயிடுச்சு. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சவங்கதான் அழிச்சிருக்க முடியும்."

தயாளன் 'புஷ்பம் இல்லை, வேறு தெரியாது' என்று எழுதிக் கொடுத்தான். அபிகாயில் 'புஷ்பம்' என்று எழுதினாள். தேவானந்தத்தின் பேனா மட்டும் தாளைத் தொட்டபடி நின்றது. அவர் மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு அவளே போயிருக்கான்னுதானேடா எங்கிட்ட சொன்னே?"

ஆஸ்டின் கைப்பேசியின் பக்கம் குனிந்துகொண்டான். ஹஃபீசா தணிந்த குரலில் தொடர்ந்தாள்.

"ஐயா, நான் தெரிஞ்சுகிட்டதைச் சொல்றேன், தப்பிருந்தா திருத்துங்க. உள்ளே வந்தவங்க முதல்ல ஒரே ஒரு வீடியோவைத்தான் நீக்கினாங்க. அரைமணி நேரம் கழிச்சுத்தான் மொத்தத்தையும் மூடினாங்க. அழிக்கணும்னு வெறியோட வந்தவங்க அப்படிச் செய்ய மாட்டாங்க. தயாளன் மாதிரி விஷயம் தெரிஞ்சவங்கன்னா அந்த வீடியோவை மட்டும் நீக்கிட்டுச் சத்தமில்லாமப் போயிருப்பாங்க. வழி தெரியாத யாரோ அரைமணி நேரம் தடுமாறி, கடைசியில கண்ணுல பட்ட பெரிய பொத்தானை அழுத்தியிருக்காங்க."

"அதனாலதான் தயாளனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னீங்களா?" என்று யேசுதாசன் முணுமுணுத்தார். தயாளன் அவரை ஒரு பார்வை பார்த்தான்.

"அடுத்தது அந்தப் படம். பேப்பர் காப்பி ஒண்ணும் மிச்சமில்லை. இந்த வீட்டு பிரிண்டர் கலர் அடிக்காது. அப்ப அது வெளியே ஏதோ பிரவுசிங் சென்டர்ல, அந்தக் கணக்கைத் திறந்து அடிச்ச படம். மை கரைஞ்சிருக்கு. மழை பெய்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்னைக்கு நனைஞ்சு வந்தது நீங்க ஒருத்தர்தான். பதில் என்னன்னு மட்டும் எனக்குத் தெரியாது ஐயா. ஆனா தெரியாதவங்க எழுதிட்டாங்க, தெரிஞ்ச நீங்க எழுதலை."

தேவானந்தம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "'புஷ்பம்'னு எழுதியிருக்கலாம். மனசு வரலைம்மா. அவ பேரு சாமுண்டீஸ்வரி. என்னைக் கட்டிக்கறதுக்காக ஞானஸ்நானம் வாங்கினா, அவ வீட்டுல தலைமுழுகிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை. இவன் கல்யாணத்தப்போ, 'பொண்ணு வீட்டுல மூணு தலைமுறையாக் கிறிஸ்தவங்க, இதெல்லாம் தெரிய வேண்டாம்'னு இவனே சொன்னான். அவளும் சரின்னுட்டா."

அபிகாயில் கணவனை விக்கித்துப் பார்த்தாள்.

"கட்டின மனைவிக்குச் சொல்லக் கூசின பெயரை மெஷினுக்குச் சொல்லியிருக்கீங்க" என்றாள் ஹஃபீசா.

கிழவர் யாரையும் பார்க்காமல் பேசினார். "கோயில்ல ஒரு அம்மா சொன்னாங்க, உங்க சம்சாரத்தைக் கம்ப்யூட்டர்ல பார்த்தோம், பாவம்னு. வண்டலூர்ல ஒரு கடைக்குப் போனேன். அங்க இருந்த பொண்ணு போட்டுக் காட்டினா. புதுப் போன் இருட்டுல எப்படிப் படம் எடுக்குதுன்னு காட்டறதுக்கு இவன் எடுத்தது. அவ தண்ணி கேட்கறா. 'ஒரு நிமிஷம்மா, ஆடாதீங்க'ங்கறான் இவன். மறுபடி கேட்கறா. மறுபடியும் ஆடாதீங்கங்கறான். அதுக்குக் கீழே, படம் தெளிவா இருக்குன்னு முந்நூறு பேர் எழுதியிருக்காங்க. அதை அழிக்க வழியிருக்கான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு எதையோ அழுத்தினா, கேள்வி வந்துச்சு. உலகத்துல அதுக்குப் பதில் தெரிஞ்சவங்க நானும் இவனும்தான். பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்ல இருந்த எழுத்து எனக்கு மனப்பாடம். முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு அந்தப் பேரை எழுதினேன், கதவு திறந்துச்சு. வீடியோவை அழிச்சேன். இருபது வயசுல அவ எடுத்துகிட்ட படத்தை ஒரு காப்பி அடிச்சுகிட்டேன். அழிச்சது மறுபடி வந்துடுமோன்னு பயமா இருந்துச்சு, மொத்தத்தையும் மூடிட்டேன்."

எத்தனையோ முடிச்சு அவிழ்ந்தபோது மார்தட்டியவர்தான் யேசுதாசன். இன்றைக்கு அந்த வேதாகமத்தைத் தொடாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

ஆஸ்டின் ஒருவழியாக வாய் திறந்தான். "அந்தக் கடையில லாக்-அவுட் பண்ணீங்களாப்பா?"

தயாளனே தலையைத் திருப்பிக்கொண்டான்.

"சரி, தெரியாம நடந்துடுச்சு" என்று ஆஸ்டின் மனைவி பக்கம் திரும்பினான். "அபி, நீ அம்மா வீட்டுலேர்ந்து பையை எடுத்துட்டு வந்துடு."

"இங்க மிச்சம் இருக்கறதையும் எடுத்துட்டுத்தான் போகப் போறேன்" என்றாள் அபிகாயில். "என் மேல பழி இல்லைன்னு தெரியணும்னுதான் வந்தேன். தெரிஞ்சுடுச்சு. மாமா, நீங்களும் கிளம்புங்க. அம்மா வீட்டுல இடம் இருக்கு."

தேவானந்தம் மறுக்கவில்லை. நாலு சட்டை, மாத்திரை டப்பா, வேதாகமம். கட்டிக்கொள்ளப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் வாசலைத் தாண்டும்போதுதான் ஆஸ்டினுக்கு ஏதோ உறைத்தது. ஓடிவந்து வழியை மறித்தான்.

"அப்பா, அந்தப் படம்! அம்மாவோடது அது ஒண்ணுதான் இருக்கு. ஒரு நிமிஷம் குடுங்க, ஸ்கேன் பண்ணிட்டுத் தந்துடறேன்."

கிழவர் வேதாகமத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"அவகிட்டயும் ஒரு நிமிஷம்னுதானேடா சொன்னே" என்று சொல்லிவிட்டு, மருமகளின் பின்னால் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.