வயிறு மூடிய முதலைக்கோழி

அது 1971ஆம் ஆண்டு. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் பின்புறம், சூளையின் வாயில் கடைசி வரிசைச் செங்கற்கள் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. உள்ளே, ஆறாம் வகுப்பு மாணவியர் களிமண்ணால் செய்த விநோத விலங்குகள் நெருப்புக்காகக் காத்திருந்தன. ஹில்டாவின் ஆட்டுக்கு மயில்தோகை இருந்தது. பேபியின் ஆமைக்குத் துதிக்கை இருந்தது.

ஜஹீரா செய்தது முதலைக்கோழி. தலை முதலை, உடல் கோழி.

அதை நினைத்துத்தான் இப்போது அவள் சூளையை விட்டு நகராமல் நின்றாள்.

ஒவ்வொரு விலங்கின் வயிறும் உள்ளே வெறுமையாக இருக்கும். ஈரம் ஆவியாகி வெளியேற, அடியில் ஒரு சிறு துளை இட வேண்டும் என்று ஞானசௌந்தரி டீச்சர் சொல்லியிருந்தார். ஜஹீராவும் இட்டாள். ஆனால் அது காயம் பட்டதைப் போலத் தெரிந்ததால், யாரும் பார்க்காதபோது ஈரமண் பூசி மூடிவிட்டாள்.

சற்று முன்புதான் சூளை பார்க்கும் சுந்தர்சிங் அண்ணன், போன வருடம் துளையில்லாத ஒரு பொம்மை உள்ளே வெடித்து, பக்கத்தில் இருந்தவற்றையெல்லாம் நொறுக்கிய கதையைச் சொன்னார்.

சொன்னால் அடுக்கிய கற்களை எல்லாம் பிரிக்க வேண்டும். அவளுடைய கோழியோ உள்ளே எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது. சொல்லாவிட்டால்? அந்தத் தோகைக்காக ஹில்டா மூன்று நாள் உழைத்திருந்தாள்.

“இன்னா பாப்பா, இங்கயே நிக்கிற? நெருப்பு வெக்கப் போறேன், தள்ளிப் போ.” சுந்தர்சிங் தீப்பெட்டியை எடுத்தார்.

“வைக்காதீங்க அண்ணா. என்னோடது வெடிச்சிடும். நான் ஓட்டையை மூடிட்டேன்.”

தீப்பெட்டி மறுபடியும் சட்டைப்பைக்குள் போயிற்று. அருகில் நின்ற டீச்சர் கற்களைப் பிரிக்கச் சொன்னார்.

கற்கள் ஒவ்வொன்றாக இறங்கின. விலங்குகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. காய்ந்த மண், சற்று அழுத்தினாலும் உடைந்துவிடும். ஜஹீரா கோழியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சுந்தர்சிங் கொடுத்த கோணி ஊசியை மெல்ல மெல்லத் திருகினாள். மண் பொடியாக உதிர்ந்தது. சட்டென ஊசி உள்ளே இறங்கியது.

கோழி உடையவில்லை.

“வேற யாராவது மூடினீங்களா?” என்று சுற்றி நின்ற மாணவியரிடம் டீச்சர் கேட்டார்.

ஹில்டாவின் கை தயங்கி உயர்ந்தது. அடுத்து பேபியின் கை. அதற்கப்புறம் இன்னும் நான்கு கைகள்.

“சரியாப் போச்சு” என்று சுந்தர்சிங் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஊசி கைமாறிக்கொண்டே போய், கடைசியில் ஜஹீராவிடமே திரும்பி வந்தது. அப்போது டீச்சர், மாதிரிக்காகத் தாம் செய்திருந்த மீன்வால் குதிரையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அதன் வழவழப்பான வயிற்றைத் தடவினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஜஹீரா, அந்த ஊசியை இப்படிக் கொடும்மா.”