காலி அறைக்கு ஒரு ஸலாம்

ஸலாமுக்குப் பதில் வந்தது. அதுதான் சரியில்லை.

ஆளில்லாத வீடானாலும் ஸலாம் சொல்லிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும் என்பது நாசியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊறிப்போன பழக்கம். ஆறு வயது மகள் சஃபாவுக்கும் கற்றுக்கொடுத்திருந்தாள். யார் ஸலாம் சொன்னாலும் பதில் சொல்லாமல் விடக்கூடாது என்பதையும் சேர்த்து. அதனால் திண்டிவனத்துக்கு வெளியே, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே நின்ற அந்த எஸ்டேட் ஹோட்டலில், மேனேஜர் சுப்பராயலு மணப்பெண் அறையைத் திறந்ததும், அவள் வாய் தானாகவே ஸலாம் சொன்னது. மூடிக் கிடந்த குளியலறைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், தொண்டையில் தண்ணீர் தேங்கியதுபோல, நிதானமாகச் சொன்னது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

"உள்ள யாருங்க?"

"யாரும் இல்லீங்களே மேடம். ஒரு வாரமா பூட்டிதான் கெடக்குது." சுப்பராயலு கதவைத் திறந்து காட்டினார். தரை காய்ந்து தூசி படிந்திருந்தது. ஆனால் கற்பூரமும் பன்னீரும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. போன வருஷம் இறந்துபோன மாமியாரின் மையத்தைக் குளிப்பாட்டிய பிறகு நாள்கணக்கில் நாசியாவின் கையை விட்டுப் போகாத வாசனை அது.  கூட வந்திருந்த மகளை இழுத்துக்கொண்டு காருக்கு வந்துவிட்டாள்.

தம்பி முஆத்துக்குக் கல்யாணம். ஷார்ஜாவில் இருக்கும் அவன், இரண்டு எஸ்டேட்டையும் பார்த்து எது நல்லதென்று இன்றைக்கே சொல்லச் சொல்லியிருந்தான். இன்னொன்று குயிலாப்பாளையம் பக்கம்.

"முகமே சரியில்லியேம்மா," என்றார் டிரைவர் சீனுவாசன். "வூட்டுக்கே வுட்றட்டா?"

"இல்லண்ணே. அதையும் பாத்துட்டே போயிடலாம்."

அங்கே இறங்கியதும், பயத்தை மறக்க இரண்டையும் மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தாள். அது பழைய பங்களா, புளியமரம், இருட்டுக் கூடம். இது முந்திரித் தோப்பும் செம்மண்ணும் கண்ணாடிச் சுவரும் நீச்சல்குளமுமாகப் பளிச்சென்று இருந்தது. பார்த்ததுமே அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. இதையே சொல்லிவிடலாம் என்று முடிவு கட்டினாள்.

"பாத்துக்கினு இருங்கக்கா, ஏசி ரிமோட் எடுத்தாந்துர்றேன்," என்று அங்கே வேலை பார்க்கும் அருணா அறையைத் திறந்துவிட்டுப் போனாள்.

நாசியா வாயை இறுக மூடிக்கொண்டுதான் உள்ளே போனாள். ஸலாம் சொல்லவில்லை. வெள்ளைப் படுக்கை, புது பெயின்ட் வாடை, வெளியே எங்கோ குயில் சத்தம். குயில் சட்டென்று நின்றது. பெயின்ட் வாடைக்கு அடியிலிருந்து மெல்ல மெல்லக் கிளம்பி வந்தது கற்பூரம். பிறகு பன்னீர்.

அலமாரிக்குள்ளிருந்து அந்தக் குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

வாசலில் நின்று ஸலாம் சொன்னால், உள்ளே வரலாமா என்று கேட்பதாக அர்த்தம். பதில் சொன்னால், வரலாம். அங்கே இவள் கேட்டாள். அது வரச் சொன்னது. இப்போது அது கேட்கிறது.

சொல்லக் கூடாது. செத்தாலும் சொல்லக் கூடாது. இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொத்தியிருக்க வேண்டிய வாய் வேறு.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றாள் சஃபா, பக்கத்தில் நின்று, கற்றுக்கொடுத்தபடியே.

வாசனை அந்த நொடியே அற்றுப்போனது. அலமாரியைத் திறந்தாள். காலி. குயில் மறுபடியும் கூவியது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வழியெல்லாம் சஃபா ஒரு வார்த்தை பேசவில்லை. பிடித்திருந்த கை சில்லிட்டிருந்தது. பயந்துவிட்டாள் போல, வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று நாசியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள்.

கோட்டக்குப்பத்தில் அந்தி நேரத்து மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. சீனுவாசன் காரைத் திருப்பிக்கொண்டு போனார். நாசியா பூட்டைத் திறந்ததும் சஃபா கையை உதறிவிட்டு இருட்டுக்குள் ஓடினாள். பின்னாலேயே வாசற்படியில் கால் வைத்தாள் நாசியா. தன் வீடு. அந்த நிம்மதியில் நாக்கு அவளை முந்திக்கொண்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சுவிட்சைத் தட்டினாள்.

கூடத்தின் நடுவில் சஃபா நின்றிருந்தாள். தலையிலிருந்து பாதம்வரை நனைந்து, தரையில் தண்ணீர் சொட்டச் சொட்ட. வாயைத் திறந்தாள்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றது தண்ணீர் தேங்கிய அந்தக் குரல். "உள்ள வாம்மா."