ஓடைச்சரிவுப் பாதை

மேசைமேல் விரித்திருந்த பழைய வரைபடத்தில், காலையில் இல்லாத ஒரு பாதை இருந்தது.

மொக்ரான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் அது. அக்ஃபாடு காட்டுப் பள்ளத்தாக்கு முழுவதும் பழுப்பு நிற உயரக்கோடுகளாகச் சுருண்டு கிடந்தது. அதிலுள்ள ஒவ்வொரு பாதையையும் நடந்து சரிபார்த்துப் புதிய வரைபடம் போடுவது அவனுடைய அரசாங்க வேலை. ஓடைச்சரிவை மட்டும் அவன் நடக்கவில்லை. காப்பிக்கடையில் உட்கார்ந்தபடியே பழைய வரைபடத்தைப் பார்த்து வரைந்துவிட்டான்.

அந்தப் புதிய வரைபடத்தை நம்பித்தான் வனக்காவலன் அக்லி, மொக்ரானுடைய தங்கையின் புருஷன், நேற்று மாலை மூடுபனியில் அங்கே இறங்கினான். திரும்பவில்லை. விடிந்ததும் மொக்ரான் தனியாகப் போய்ப் பார்த்தான். மண் சரிந்து, பாதை பாதியில் அறுந்து கிடந்தது. பள்ளத்திலிருந்து ஒரு முனகல். காற்றுதான் என்று சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டான்.

இப்போது வரைபடத்தில், அதே பள்ளத்திலிருந்து ஒரு சிவப்புப் புள்ளிக்கோடு மேலேறிக்கொண்டிருந்தது.

தங்கை தஸ்ஸாதித் உள்ளே வந்தாள்.

"ஏண்ணே, ஊரே மலைமேட்டுல தேடுது. நீ இந்தக் காயிதத்தைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே! ஓடைப்பக்கம் பார்க்க வேணாமா?"

"அது நல்ல பாதைம்மா. அங்க விழ வாய்ப்பே இல்ல."

"நீ நடந்து பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கோடு இன்னும் இரண்டு உயரக்கோடுகளைத் தாண்டியது. காகிதத்திலிருந்து நனைந்த ஓக் பட்டையின் வாடையும், அழுகிய இலைகளின் வாடையும் எழுந்து அவன் தொண்டையில் படிந்தன. தொட்டான். விரலில் ஈர மண்.

கோடு அத்தித்தோப்பைக் கடந்தது. கல்லறைகளைக் கடந்தது. ஊர். தெரு. அவர்கள் வீட்டைக் குறிக்கும் கறுப்புச் சதுரம்.

நின்றது.

வெளியே காலடி. ஒரு கால் இழுபட்டது.

"அவருதான்! அவரு நடை எனக்குத் தெரியாதா?" தஸ்ஸாதித் ஓடினாள்.

"திறக்காதே! நான் நடக்கலம்மா... பொய் சொன்னேன்!"

அவள் தாழை நீக்கிவிட்டாள்.

பனிக்குள் அக்லி நின்றான். கழுத்து தோளில் மடங்கிக் கிடந்தது. கண்குழிகளில் மண். தன்னைக் கட்டிக்கொண்ட மனைவியை அவன் பார்க்கவில்லை.

"வா மச்சான்," என்றான். வாயிலிருந்து சரளைக்கல் உதிர்ந்தது. "நடந்து பார்த்துட்டு வந்துடலாம்."

மொக்ரானின் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பற்றின. நகங்கள் பிய்ந்தன.

கால்கள் நடக்கத் தொடங்கியிருந்தன.