ஓரம் மழுக்கிய பல்

செல்போன் அலறியது.

கட்டிலில் மல்லாந்து கிடந்த பல் டாக்டர் திடுக்கிட்டாள். திரும்பிப் பார்க்க வழியில்லை. கழுத்தில் தாடைவரை ஏறிய காலர். கையை மட்டும் நீட்டித் துழாவி எடுத்தாள்.

“மேடம்... சீட்டுக்காரன் பேசறேன். உங்க வண்டி சீட்டைப் பிரிச்சுட்டேன்.”

“சொல்லுங்க. ஏன் சாஞ்சுது?”

மறுமுனையில் குரல் தணிந்தது.

“போன்ல வேண்டாம். நேர்ல வாங்க. தனியா வாங்க.”

“தனியாவா?”

“சாரைக் கூட்டிட்டு வராதீங்கன்னு சொல்றேன் மேடம்.”

லைன் கட்டானது.



மூன்று வாரத்துக்கு முன்னால், நல்ல பட்டப்பகலில், அந்தக் காரை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் அக்கா. பின்னால் டைல்ஸ் ஏற்றிய வேன்.

ஒரே ஒரு இடி.

அவள் உட்கார்ந்திருந்த சீட்டின் முதுகு அப்படியே பின்னால் படுத்துக்கொண்டது. அவளும் மல்லாந்தபடி பின் சீட்டுக்குள் பாய்ந்தாள். தலை போய் மோதிய இடத்தில், கிளினிக்குக்கு வாங்கிப் போட்டிருந்த பஞ்சு மூட்டை இருந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் டாக்டருக்குப் பதில் அவள் போட்டோதான் இன்று வீட்டில் இருந்திருக்கும்.

அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

“சைக்கிள் ஒண்ணு குறுக்க வந்துச்சு. நீ சடார்னு பிரேக் போட்டுட்ட” என்று ஆஸ்பத்திரியில் அக்காதான் சொன்னாள். டாக்டருக்கு எதுவும் ஞாபகமில்லை.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது சீட்டுப் பயம்.

சோபாவில் சாயுமுன் அதன் முதுகை ஆட்டிப் பார்த்தாள். எந்தக் காரைக் கண்டாலும் தலை சாய்க்கும் ஹெட்ரெஸ்ட் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். காதுக்கு நேராக இருக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, வருகிறவர் போகிறவர் காதையெல்லாம் அளந்தாள். “உனக்கு அடி கழுத்துலயா, மூளையிலயா?” என்று கணவன் சிரித்தான்.

பழுதான காரைப் பிரிக்காமல் அப்படியே காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றும் அவன்தான் சொன்னான்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. அவனுக்குத் தெரியாமல் சீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லியிருந்தாள்.

அடுத்த அறையிலிருந்து ‘கிர்ர்ர்...’ என்று அரம் சுழலும் சத்தம். கணவனுக்குப் பல் கட்டும் வேலை. அவள் சொத்தைப் பல்லைப் பிடுங்குவாள். அந்த இடத்துக்குப் புதுப் பல்லை அவன் செய்து கொடுப்பான். பதினொரு வருஷமாக இப்படித்தான் குடும்பம் ஓடுகிறது.

மெல்ல எழுந்து அறை வாசலுக்குப் போனாள்.

“பிசியோதெரபிக்குப் போயிட்டு வந்துடறேங்க.”

அரம் நின்றது.

“நான் கொண்டு விடறேன்.”

“வேண்டாங்க. டாக்ஸி சொல்லிட்டேன்.”

அவன் தலை நிமிராமல் கேட்டான். “இன்னிக்கு என்ன புதுசா அவசரம்?”

அவள் காலரைத் தொட்டுக் காட்டினாள். “வலி ஜாஸ்தியா இருக்கு.”

டாக்ஸி வந்தது. ஏறுமுன் பின் சீட்டை அழுத்தினாள், குலுக்கினாள், ஹெட்ரெஸ்ட்டைப் பிடித்து இழுத்தாள். டிரைவர் கண்ணாடி வழியாகப் பொறுமையாகப் பார்த்தார்.

“மேடம், ஏறப் போறீங்களா, விலைக்குக் கேக்கப் போறீங்களா?”

அவள் ஏறினாள். வழி முழுக்கப் பின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போனாள்.

பட்டறையில் அவளுடைய கார் டிக்கி நசுங்கி ஓரமாக நின்றது. சீட்டுக்காரர் மீசையெல்லாம் ஸ்பாஞ்சுத் தூள். டிரைவர் சீட்டைத் தரையில் கிடத்தி, தோலை உரித்து, எலும்புக்கூடாக வைத்திருந்தார்.

“வண்டி இங்க நிக்கறது எப்படியோ தெரிஞ்சு, காலையில சார் போன் பண்ணார் மேடம். பிரிக்காதே, இன்னிக்கே தூக்கிப் போட்டுடுன்னார். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. பழைய சீட்டு மேல எதுக்கு இவ்வளவு அக்கறைன்னு பிரிச்சுப் பார்த்தேன்.”

சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடத்தைக் காட்டினார்.

“இங்க ரெண்டு பக்கமும் ஒரு பல்சக்கரம் இருக்கும். முதுகை நிமிர்த்திப் பிடிக்கறது இதுதான். சாதாரணமா இது ஒடியாது. இப்ப பாருங்க...”

உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புத் துண்டை அவள் கையில் வைத்தார்.

பல் டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஒடிந்த பல்லுக்கும் ராவிய பல்லுக்கும் வித்தியாசம் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒடிந்தால் முகம் கரடுமுரடாக இருக்கும். இது வழவழப்பாக இருந்தது. ஒவ்வொரு பல்லிலும் பாதியை யாரோ அரத்தால் நிதானமாக ராவியிருந்தார்கள்.

“சும்மா உக்கார்ந்தா தாங்கும்” என்றார் சீட்டுக்காரர். “பின்னாடியிலிருந்து ஒரு இடி விழுந்தா வழுக்கிடும். ஹெட்ரெஸ்ட்டும் அப்படித்தான். பூட்டு இல்ல. இழுத்தா கையோட வருது.”

அவள் காதில் எதுவும் விழவில்லை.

அவள் கட்டைவிரல் அந்தப் பற்களின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

ஒரு ஓரம்கூடக் குத்தவில்லை. ராவி முடித்தபின் ஒவ்வொரு ஓரத்தையும் தனியாக மழுக்கியும் விட்டிருந்தார்கள்.

இரும்புச் சக்கரத்துக்கு யார் ஓரம் மழுக்குவார்கள்? யார் நாக்கைக் குத்திவிடும் என்று?

நாக்கைக் குத்தக் கூடாது என்று பதினொரு வருஷமாக நாள் முழுக்க ஓரம் மழுக்குகிற ஒரே ஒரு ஆளை அவளுக்குத் தெரியும். கை தன் பழக்கத்தை விடவில்லை.

அவள் சக்கரத்தைக் கைப்பைக்குள் போட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.  எவ்வளவு நிதானமாக, எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறான்!

“மேடம், தண்ணி குடிங்க” என்றார் சீட்டுக்காரர். “இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த டைல்ஸ் வேன்காரர் நேத்து இங்க வந்தார். கேஸ் போட்டு லைசென்ஸைப் பிடுங்கி வெச்சிருக்காங்களாம். முன்னாடி வண்டியில பிரேக் லைட்டே எரியலைன்னு அழறார். ஸ்டேஷன்ல யாரும் நம்பலையாம்.”

“எரியலையா?”

“நான் போட்டுப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் பளிச்சுனு எரியுது. பாவம், பயத்துல உளர்றார்.”

அவள் பழுதான காரைப் பார்த்தாள். அக்கா உட்கார்ந்திருந்த சீட்டு அசையாமல் நிமிர்ந்து நின்றது.

“அந்தப் பக்கம் ஒண்ணும் ஆகல” என்றார் அவர். “ஹெட்ரெஸ்ட்டைச் சரியா காது உயரத்துக்கு ஏத்தி வெச்சிருந்தாங்க. நூத்துல ஒருத்தர்கூட இப்படி வைக்க மாட்டாங்க. நல்ல வேளை.”

செல்போன் மறுபடி அலறியது. கணவன்.

“எங்க இருக்க?”

“பிசியோவுலதாங்க.”

“அப்படியா? நான் அங்கதான் நிக்கறேன். நீ வரவே இல்லைன்னு சொல்றாங்க.”

குரலில் கோபமே இல்லை.  அழைப்பைத் துண்டித்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை சரியாக அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா... சீட்டுப் பட்டறையில இருக்கேன். உடனே வா. அவர்கிட்ட சொல்லாதே.”

“அங்கயே இரு. நான் வர்ற வரைக்கும் யார்கூடவும் போகாதே.”

பத்து நிமிடத்தில் அக்காவின் கார் வந்து நின்றது. அந்த முகத்தைப் பார்த்ததும் டாக்டருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா அவளைத் தாங்கலாகப் பிடித்து முன் சீட்டில் ஏற்றினாள். பெல்ட்டை மாட்டிவிட்டாள். கைப்பையை வாங்கிப் பின் சீட்டில் போட்டாள்.

“மடியில கனம் வேண்டாம். கழுத்து வலிக்கும்.”

கார் கிளம்பியது. டாக்டர் அழுதபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். பல்சக்கரம், மழுக்கிய ஓரம், அவனுடைய போன்.

“நேரா ஸ்டேஷனுக்குப் போலாம்க்கா. அந்தச் சக்கரம் பையிலதான் இருக்கு.”

“போலாம். முதல்ல என் வீட்டுக்குப் போய் நிதானமா யோசிக்கலாம்.”

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழக்க தோஷத்தில் தன் ஹெட்ரெஸ்ட்டைத் தொட்டாள். அது தோள் உயரத்துக்கு இறங்கிக் கிடந்தது. இரண்டு கையாலும் இழுத்து, ‘க்ளிக்’ கேட்கும்வரை காது உயரத்துக்கு ஏற்றினாள்.

“உன்னோடதும் கீழதான் இருக்குக்கா.”

“அட, அதை யார் தொட்டா? வாங்கின நாள்லேர்ந்து அப்படியேதான் கிடக்கு.”

டாக்டர் வாயை மூடிக்கொண்டாள்.

சொந்தக் காரில் ஒரு நாளும் ஹெட்ரெஸ்ட்டைத் தொடாதவள்... அன்றைக்கு மட்டும், தங்கையின் காரில் மட்டும், எதற்காக அதைக் காது உயரத்துக்கு ஏற்றினாள்?

“அக்கா, அன்னிக்கு நான் எதுக்கு பிரேக் போட்டேன்?”

“அதான் சொன்னேனே. நாய் குறுக்க வந்துச்சு.”

ஆஸ்பத்திரியில் அது சைக்கிள்.

டாக்டரின் காதுக்குள் ரத்தம் இரைந்தது. வேன்காரர் உளறவில்லை. காலால் பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். அவள் மிதிக்கவே இல்லை. பிறகு எப்படி வண்டி நின்றது?

அவள் பார்வை மெல்ல இறங்கியது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்தது ஹேண்ட் பிரேக்.

அதை இழுத்தாலும் கார் நிற்கும். விளக்கு மட்டும் எரியாது. பக்கத்தில் உட்கார்ந்தவள் கையை நீட்டினாலே போதும்.

அப்போது அக்காவுக்கு வந்த போன் காரின் ஸ்பீக்கரில் ஒலித்தது. அக்கா அணைக்கக் கை நீட்டினாள். பதற்றத்தில் விரல் தப்பான பொத்தானில் பட்டது. கணவனின் குரல் கார் முழுக்க நிரம்பியது.

“ஏறிட்டாளா?”

அக்கா வெடுக்கென்று அணைத்தாள்.

இன்னொரு பொத்தானை அழுத்தினாள். நான்கு கதவுகளும் ‘டக்’கென்று பூட்டிக்கொண்ட சத்தம் மட்டும் கேட்டது.

“நீ அதைக் கேட்டிருக்கக் கூடாது” என்றாள் அக்கா. குரல் வறண்டிருந்தது.

“ஏன்க்கா?”

“அவரை முதல்ல எனக்குத்தான் தெரியும். நல்லா பல் கட்டுவார்னு உன் கிளினிக்குக்குக் கூட்டிட்டு வந்ததே நான். நீ ஒரே மாசத்துல கல்யாணம் பண்ணிக்கிட்ட. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“எனக்கு எப்படிக்கா தெரியும்?”

“உனக்கு எப்பவுமே ஒண்ணும் தெரியாது. அதுதான் உன் அதிர்ஷ்டம்.”

“என்னைக் கொல்லப் போறியா?”

 அக்கா ரோட்டைப் பார்த்தே ஓட்டினாள். அவள் வீட்டுக்குப் போகும் திருப்பம் பின்னால் போய்விட்டது. அடுத்த திருப்பத்துக்கு அப்புறம் கைவிட்ட கல்குவாரிதான். கூப்பிட்டால் கேட்க ஆள் இருக்காது.

 போன் பின் சீட்டில், பைக்குள். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. கத்தினாலும் வெளியே கேட்காது. கழுத்து இருக்கும் லட்சணத்தில் அக்காவோடு மல்லுக்கட்டவும் முடியாது. செத்துவிடுவோம் என்று முதல் முறையாகத் தெளிவாகத் தோன்றியது. கண்ணை மட்டும் சுழற்றித் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள்.

பின்னால், சரியாக ஒட்டிக்கொண்டு, ஒரு போலீஸ் ஜீப்.

குவாரிக்குத் திரும்ப அக்கா இண்டிகேட்டரைப் போட்டாள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க, வேகம் குறைந்தது. ஜீப் இன்னும் நெருங்கியது.

டாக்டர் முதுகைச் சீட்டில் ஒட்ட வைத்தாள். பின்மண்டையை ஹெட்ரெஸ்ட்டில் அழுத்தினாள். வாழ்நாளில் இத்தனை ஒழுங்காக அவள் எந்தச் சீட்டிலும் உட்கார்ந்ததில்லை.

பிறகு இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற பலத்தோடு மேலே இழுத்தாள்.

டயர்கள் கீச்சிட்டன.

டமார்.

பின் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. அக்காவின் தலை தோள் உயர ஹெட்ரெஸ்ட்டுக்கு மேலாகப் பின்னால் போய் மடங்கித் திரும்பி வந்தது. “கழுத்து... என் கழுத்து...” என்று ஸ்டியரிங்கில் சாய்ந்து முனகினாள். டாக்டர் கண்ணைத் திறந்தாள். கையை அசைத்தாள். காலை அசைத்தாள். எல்லாம் அசைந்தது.

உயிரோடு இருந்தாள். உடம்பெல்லாம் உதறிக்கொண்டிருந்தாலும் உயிரோடு இருந்தாள்.

இடியில் பூட்டு விட்டிருந்த கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பின் சீட்டிலிருந்து கைப்பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் குதித்தார். நெற்றி புடைத்து, தொப்பி கோணலாக இருந்தது.

“அறிவிருக்காம்மா உங்களுக்கு? நடுரோட்டுல இப்படியா நிறுத்துவீங்க? பிரேக் லைட்டே எரியல. நான் எப்படி நிறுத்தறது?”

“நிஜமாவே எரியலையா சார்?”

“என் கண்ணால பார்த்தேன். கோர்ட்ல வேணும்னாலும் வந்து சொல்லுவேன்.”

பல் டாக்டர் பையிலிருந்து பல்சக்கரத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“கண்டிப்பா வாங்க சார்... மூணு வாரமா இதையே சொல்லிட்டிருக்கிற ஒரு வேன்காரரும் அங்க வருவார். உங்களுக்கும் பேச்சுத் துணையா இருக்கும்.”