உள்ளே பார்த்து நிற்கும் படை

தலைவன் பொம்மை திரும்பி நின்றது.

ஹால் அலமாரியின் மேல்தட்டில் கட்டைவிரல் உயரத்தில் முப்பத்திரண்டு ஈயச் சிப்பாய்கள். எல்லாம் தெருக்கதவைப் பார்த்துத்தான் நிற்கும். அவற்றை நிறுத்தி வைத்தவன் பூட்டு ரிப்பேர் செய்பவன். ஒரு நூல் விலகினாலும் அவன் கண்ணில் படும். ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே பார்த்தான். முப்பத்தொன்று தெருவைப் பார்த்தன. தலைவன் மட்டும் ஹாலின் கோடியிலிருந்த சாமான் அறையைப் பார்த்தது.

மகளைக் கேட்டான்.

"நான் தொடலப்பா. எனக்கு அது எட்டவே எட்டாது."

உண்மைதான், ஏழு வயசு. மனைவி அந்தத் தட்டில் தூசிகூடத் தட்ட மாட்டாள். மிச்சம் மச்சினன்.

மனைவியின் தம்பி. ஞாயிறுதோறும் தன் படையை அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு வருவான். சாப்பாட்டு மேசையில் அட்டைக் கோட்டையை வைத்து, பகடை உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்தி இருவரும் சண்டை போடுவார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. போர் தொடங்கும் முன் அவனவன் தன் படைக்கு ஒரு ரகசியக் கதை எழுதி, உறையில் ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு போர் முடிய நாலைந்து ஞாயிறு ஆகும்; அதுவரை பிரிக்கக் கூடாது.

போன ஞாயிறு தொடங்கிய போருக்குப் பூட்டுக்காரன் எழுதியது இது: என் படை எதிரியை உள்ளே விடாமல் காக்கவில்லை. கோட்டைக்குள் ஓர் அறையில் இருப்பதை வெளியே விடாமல் காக்கிறது. அது என்னவென்று சிப்பாய்களுக்கே தெரியாது. அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. காவல் நிற்பவனின் வீட்டு ஆள் குரலில் கூப்பிடும். குரலை நம்பி எவன் உள்ளே போனாலும் மற்றவர்கள் கதவைப் பூட்டிவிட வேண்டும். ஏனென்றால் வெளியே வருவது அவனாக இருக்காது.

கற்பனை ஓடாத இடங்களில் வீட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டான். அறைக்கு இந்தச் சாமான் அறை: ஈரச் சாக்கும் பழைய செய்தித்தாளும் கலந்த நாற்றம், ஒரு பக்கம் இறங்கிப்போன கதவு. குரலுக்கு மனைவி. அவள் 'ஏங்க' என்று இழுத்து முடிக்கும்போது வரும் சின்னக் கரகரப்பைக்கூட விடவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்புறம் தலைவன் எப்படிச் சரியாக அந்த அறையைப் பார்க்கும்? அன்று மச்சினன் வந்து உட்கார்ந்ததும் கேட்டான்.

"என் கவரைப் பிரிச்சியாடா?"

"எதுக்கு மாமா? எப்படியும் ஜெயிக்கிறது நான்தானே."

"அப்ப தலைவனைத் திருப்பினது யாரு?"

மச்சினன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். "கவரை எக்ஸ்ரே எடுத்துப் படிச்சுட்டேன்னு வச்சுக்கோங்க," என்று பகடையை உருட்டினான். "நீங்க ஆடுற ஆட்டத்தப் பாத்து அதுவே மூஞ்சத் திருப்பிக்கிச்சோ என்னவோ."

அவன் சிரித்த சிரிப்பு பூட்டுக்காரனுக்குப் பிடிக்கவில்லை. அவன் போனதும் உறையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். ஒட்டிய இடத்தில் கையெழுத்து பிசகாமல் இருந்தது. ஆவி காட்டிப் பிரித்திருப்பானோ?

திங்கட்கிழமை ஐந்து திரும்பியிருந்தன. செவ்வாய் பதினொன்று. மச்சினனிடம் இந்த வீட்டுக்கு மாற்றுச்சாவி இருந்தது. அன்றே தெருக்கதவுப் பூட்டை மாற்றினான்.

"ஊர்ப் பூட்டெல்லாம் முடிஞ்சு நம்ம வீட்டுக்கு வந்தாச்சா?" என்றாள் மனைவி.

புதன் இருபது. மனைவி தம்பிக்குப் புதுச்சாவியும் கொடுத்திருப்பாளோ? இரவு படுக்கும் முன், பூட்டுக்குள் போடும் கிராஃபைட் பொடியை அலமாரித் தட்டில் மெல்லிசாகத் தூவினான். கறுப்பு மாவு. எந்த விரல் பட்டாலும் காட்டிக்கொடுக்கும். விடியட்டும், அவனை வைத்துக்கொள்கிறேன் என்று படுத்தான்.

விடிந்தது. முப்பத்திரண்டும் திரும்பியிருந்தன. ஒரு விரல் தடமும் இல்லை. ஒவ்வொன்றின் அடியைச் சுற்றி மட்டும் பொடி வட்டமாக வழிக்கப்பட்டிருந்தது. நின்ற இடத்திலேயே சுழன்ற தடம்.

மச்சினன்மேல் இருந்த சந்தேகம் அத்தோடு போயிற்று. அது இருந்திருந்தால் தேவலை.

சாயங்காலம் ஆறு மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மனைவி மருந்துக்கடை வேலையிலிருந்து ஏழு மணிக்குத்தான் வருவாள். மகள் ஹால் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பூட்டுக்காரன் மிச்சமிருந்த பொடி டப்பாக்களையெல்லாம் சாமான் அறை வாசலில் கொட்டிப் பரப்பினான். கதவில் வெறும் கொண்டி மட்டும். ஈரச் சாக்கு நாற்றம் கதவின் அடியிலிருந்து கிளம்பி, அவன் எழுதியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, தொண்டையில் உட்கார்ந்தது.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, மழையா இருக்கு. வர அரை மணி லேட்டாகும். குட்டிக்குப் பால் குடுத்துருங்க."

"சரி" என்று வைத்தான்.

"ஏங்க," என்றது சாமான் அறை.

அதே இழுப்பு. கடைசியில் அதே கரகரப்பு.

மகள் தலை நிமிர்ந்தாள். "அம்மா உள்ளயா இருக்காங்க?"

"இல்ல. எடத்த விட்டு அசையாத. அப்பா இதோ வந்துட்டேன்."

வாசல் அறைதான் அவன் கடை. ஓடினான். இருப்பதிலேயே கனமான பூட்டு வேண்டும். ஆணிப் பெட்டி கவிழ்ந்தது. பூட்டு கிடைத்தது. சாவியைக் காணோம். கிடைத்தது. இரண்டு நிமிஷம் இருக்கும்.

திரும்பி வந்தபோது ஹால் தரையில் கலர் பென்சில்கள் மட்டும் கிடந்தன.

சாமான் அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

உள்ளே இருட்டு. இருட்டில் ஏதோ அசைந்தது. அவன் யோசிக்கவில்லை. வளையத்தைப் பிடித்து இழுத்தான். கதவு அறைந்து மூடியது. கொண்டி. பூட்டு. சாவியைத் திருகி உருவினான்.

பின்னாலிருந்து ஒரு சின்னக் கை அவன் விரல்களைப் பிடித்தது.

"அப்பா."

மகள். நின்றுகொண்டிருந்தாள். அவனுக்கு உயிர் வந்தது. "எங்கடி போன?" என்று அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

கதவு தட்டப்பட்டது. உள்ளேயிருந்து. கீழே, அவன் இடுப்பு உயரத்தில்.

"அப்பா, பூட்டிட்டீங்க. நான் உள்ள இருக்கேன்ப்பா. அம்மா இங்க இல்ல. தொறங்கப்பா."

அவன் தரையைப் பார்த்தான். கறுப்புப் பொடியில் அவனுடைய பெரிய பாதத் தடங்கள். அவற்றுக்கு நடுவே சின்னத் தடங்கள். நான்கு. நான்கும் உள்ளே போயிருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

பக்கத்தில் நின்றவளின் பாதங்களும் பொடியில்தான் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பொடி கலையவே இல்லை.

"தொறக்காதீங்கப்பா," என்றாள். பிடி இறுகியது. சொல்லி முடிக்கும்போது குரலில் ஒரு சின்னக் கரகரப்பு.

உள்ளே அழுகை. தட்டல். மறுபடி தட்டல்.

சாவி அவன் கையில். அவன் மெல்லத் தலையைத் திருப்பி அலமாரியைப் பார்த்தான்.

முப்பத்திரண்டும் இப்போது கதவைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பிடித்து நின்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.